மடக்குக் கூடாரத்தில் மறைந்திருந்து வேட்டை: முதல் தடவை போகிறவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவில், டர்பன் கடைகளில் இதற்கு பிளைண்ட் என்று பெயர். பண்ணைக்குப் போனால் ஹைட் என்பார்கள். அப்ரிகான்ஸ் பேசும் பெரியவர்கள் ஸ்கெர்ம் என்பார்கள். அவர்கள் மனதில் இருப்பது முள்ளும் கிளையும் வைத்து அடைத்த பழைய காலத்து மறைப்பு. டொங்காட்டில் கரும்பு போட்டிருக்கும் எங்கள் மாமா மட்டும் இதை 'ராமன் டென்ட்' என்பார். வாலியை மறைந்து நின்று அடித்த கதையைத் தமிழர்கள் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கும்போது, நாம் காசு கொடுத்து மறைவிடம் வாங்கி வருகிறோமாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மடக்கி முதுகில் மாட்டிக்கொண்டு போய், நீர்க்குட்டைப் பக்கம் விரித்து, உள்ளே நாற்காலி போட்டு உட்காரும் துணிக் கூடாரத்தைப் பற்றித்தான் இது. குவாசூலு-நேட்டாலில் மாமாவோடு ஏழு குளிர்காலம் போயிருக்கிறேன். அதில் முதல் இரண்டும் வீண். கூடாரம் நம்மை மறைத்துவிடும் என்று நம்பி உட்கார்ந்ததுதான் காரணம். கூடாரம் உருவத்தையும் அசைவையும் மட்டுமே மறைக்கும். வாசனையை மறைக்காது. நேற்று இல்லாத ஒன்று இன்று வந்து நிற்கிறது என்பதையும் மறைக்காது. கீழே சொல்வதெல்லாம் இந்த இரண்டு ஓட்டைகளையும் அடைக்கிற வேலைதான்.

முதலில் சட்டம், சுருக்கமாக

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்திருப்பவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். இந்தியாவில் 1972 வனவிலங்குச் சட்டத்தோடு வேட்டை என்ற பேச்சே போய்விட்டது. இங்கே அனுமதியோடு வேட்டையாடுவது சாதாரண விஷயம். ஆனால் அனுமதி என்ற சொல்லை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நிலத்துக்காரர் எழுத்தில் அனுமதி தர வேண்டும். முறையாக வேலியிட்டுச் சான்றிதழ் பெற்ற பண்ணையில் இருக்கும் மிருகம் வேலியைத் தாண்டிப் போனாலும் பண்ணைக்காரருடைய சொத்துதான். 1991 ஆம் ஆண்டின் விலங்குத் திருட்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. வேட்டைப் பருவமும் உரிமமும் மாகாணத்துக்கு மாகாணம் மாறும். எங்கள் மாகாணத்தில் இதையெல்லாம் பார்ப்பது எசெம்வெலோ என்ற வனவிலங்கு அமைப்பு. பொதுவாகக் குளிர்மாதங்கள்தான் காலம் என்றாலும், போன வருடத் தேதியை நம்பாமல் இந்த வருட அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

துப்பாக்கி வைத்திருக்க 2000 ஆம் ஆண்டின் சட்டப்படி தகுதிச் சான்றிதழ் வேண்டும். 21 வயது ஆகியிருக்க வேண்டும். குடிமகனாகவோ நிரந்தர வசிப்புரிமை அனுமதி பெற்றவராகவோ இருக்க வேண்டும். வேலை விசாவில் இருப்பவர் சொந்தமாகத் துப்பாக்கி வாங்க முடியாது. அந்தச் சட்டம் வில்லுக்குப் பொருந்தாது. ஆனால் வில் வேட்டைக்கு மாகாணங்கள் தனியாக விதிகள் வைத்திருக்கின்றன, அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வாங்குவதற்கு முன்

கடையில் இரண்டு வகை பார்ப்பீர்கள். ஒன்று, எஃகு வளையம் தைத்த சுருள் வகை. உறையிலிருந்து எடுத்ததும் பட்டென்று விரியும், எடை குறைவு. திரும்ப மடக்குவதற்குத்தான் ஒரு வித்தை தெரிய வேண்டும். சிலம்பம் சுற்றுவது மாதிரி கையை முறுக்கி மடக்கிய ஒருவர் மூக்கில் அடி வாங்கியதை நான் நேரில் பார்த்தேன். இந்த வகை காற்றுக்கும் நிற்காது. இன்னொன்று ஹப் வகை. ஒவ்வொரு சுவரின் நடுவிலும் கூரை நடுவிலும் ஒரு குமிழ் இருக்கும், அதிலிருந்து நாலு கம்பி விரியும். குமிழை வெளியே இழுத்தால் சுவர் விறைப்பாக நிற்கும். எடை கூடுதல், எட்டு பத்து கிலோ வரை வரும். ஒரே ஒரு கூடாரம்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால் ஹப் வகையையே வாங்குங்கள்.

அளவு முக்கியம். பெட்டியில் 'மூன்று பேர்' என்று போட்டிருந்தால் வில்லோடு ஒருவர், பக்கத்தில் சும்மா உட்கார ஒருவர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். வில்லை முழுதாக இழுக்கும்போது முழங்கை பின்சுவரில் இடிக்கக் கூடாது, வில்லின் மேல்முனையில் இருக்கும் சக்கரம் கூரையில் உரசக் கூடாது. கடையிலேயே விரிக்கச் சொல்லி, நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்து, கையால் இழுப்பது போல நடித்துப் பாருங்கள். வெட்கப்பட வேண்டாம். நான் வெட்கப்பட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் என் வில் கூரையைத் தொட்டுக்கொண்டு நின்றது. கடைக்காரர் திரும்ப எடுக்கவில்லை. இரண்டு வருடம் கழுத்தைச் சாய்த்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

துணியின் வெளிப்பக்கம் என்ன இலை வரைந்திருக்கிறது என்று பார்த்து மயங்காதீர்கள். அமெரிக்கக் காட்டு ஓக் இலைப் படம் இங்கே ஒன்றுக்கும் உதவாது. காய்ந்த புல்லின் பழுப்பு நிறம் இருந்தால் போதும். உட்பக்கத்தைப் பாருங்கள். கருகருவென்று இருக்க வேண்டும். ஒரு முனையைக் கையில் எடுத்து வெயிலுக்கு நேரே பிடியுங்கள். ஊசி ஊசியாக வெளிச்சம் தெரிந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். துணியை விரலால் தேய்த்தும் பாருங்கள். சரசரவென்று கத்தினால் அது மழைக்கோட்டுத் துணி. ஜன்னல்கள் எப்படித் திறக்கின்றன என்பதும் பார்க்க வேண்டிய விஷயம். வெல்குரோ பட்டையைக் காட்டுக்குள் பிரித்தால் வேட்டி கிழிவது மாதிரி சத்தம் வரும். கொக்கி வைத்துச் சத்தமில்லாமல் சரியும் ஜன்னல்தான் நல்லது.

வலைத்துணி ஜன்னல் சிலவற்றில் வரும். அதன் வழியாகவே அம்பு விடலாம் என்பார்கள். நிலையான அலகுள்ள அம்புமுனையாக இருந்தால் விடலாம். பறக்கும்போது மடங்கியிருந்து பட்டதும் விரியும் வகை, வலையைத் தொட்டவுடனேயே விரிந்து அம்பு எங்கேயோ போகும். துப்பாக்கிக்காரர்கள் வலையைக் கழற்றிவிடுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது

புதுக் கூடாரத்தில் பூச்சு வாசனை வரும். நமக்கே வருகிறது என்றால் மானுக்கு எப்படி இருக்கும்? கொல்லையில் விரித்துப் பத்து பதினைந்து நாள் வெயிலும் பனியும் படவிடுங்கள். சமையலறை ஜன்னலுக்கு அடியில் மட்டும் வேண்டாம். தாளிக்கிற வாசனை துணியில் ஏறினால் இறங்குவது கஷ்டம். சோப்புப் பவுடர் போட்டுத் துவைக்கவும் வேண்டாம். அதில் கலந்திருக்கும் வெண்மையூட்டிகள் துணியை மிருகத்தின் கண்ணுக்குப் பளிச்சென்று காட்டும்.

அந்த நாட்களில் இன்னொரு காரியம் பார்க்கலாம். மாலையில் வீட்டில் யாரையாவது உள்ளே உட்காரவைத்து, ஒரு ஜன்னலை மட்டும் திறந்துவைத்து, இருபது மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். அவர் கையை அசைக்கும்போது உங்களுக்குத் தெரிகிறதா? பிறகு அவருக்குப் பின்னாலிருக்கும் ஜன்னலையும் திறக்கச் சொல்லுங்கள். சட்டென்று அவர் தலையும் தோளும் நிழற்பாவை மாதிரி வெட்டி நிற்கும். நான் பக்கம் பக்கமாக எழுதினாலும் இதைப் போல மனதில் பதியாது. எதிரெதிர் ஜன்னல்களை ஒருபோதும் திறக்கக் கூடாது என்று அப்புறம் யாரும் உங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்காது.

இடம் தேர்வு

நேரம் செலவழிக்க வேண்டியது இங்கேதான். கூடாரம் எவ்வளவு விலையானாலும் சரி, இதில் தவறினால் பிக்னிக் போய்வந்த கணக்கு.

குளிர்காலத்தில் இங்கே மழை குறைவு. ஊற்றும் குட்டையும் வற்ற வற்ற, மிச்சமிருக்கும் தண்ணீருக்கு எல்லா மிருகமும் வந்தாக வேண்டும். ஆகவே நீர்க்குட்டைதான் முதல் இடம். இரண்டாவது, உப்புக்கட்டி வைத்த இடம். மூன்றாவது, புதரிலிருந்து மேய்ச்சலுக்குப் போகும் ஒற்றையடித் தடம். பண்ணையில் வேலை செய்யும் சூலு பெரியவர் யாராவது இருந்தால், "பாபா" என்று மரியாதையாக அழைத்து அவரிடம் கேளுங்கள். எந்தக் கரையில் எந்த நேரத்தில் என்ன வரும் என்று, நாம் மூன்று நாள் குளம்படி பார்த்துத் தெரிந்துகொள்வதை அவர் மூன்று நிமிடத்தில் சொல்வார்.

தண்ணீர் கிடைத்துவிட்டது. எந்தக் கரையில் கூடாரம்?

தமிழ்நாட்டுப் பழக்கம் காலை வாருவது இங்கேதான். மார்கழிக் குளிரில் தெற்கே சாய்ந்து போகும் சூரியனைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். இங்கே குளிர்காலமான ஜூன், ஜூலையில் சூரியன் வடக்கே சாய்ந்து போகும். உச்சிவேளையிலும் சுமார் 40 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். ஆக வடக்கு பார்த்த ஜன்னலைத் திறந்தால் வெயில் நேரே உள்ளே வந்து உங்கள் முகத்தில் விழும். கறுப்புத் துணி, கறுப்புச் சட்டை எல்லாம் வீண். நான் இம்பாலா மான் கூட்டம் ஒன்றை முதன்முதலில் விரட்டியது இப்படித்தான். கூட்டத்துக்கு முன்னால் வந்த கிழட்டுப் பெட்டை முப்பது மீட்டரில் நின்று, தலையை ஒருமுறை தாழ்த்தி, தண்ணீர் குடிப்பது போலப் பாவனை காட்டி, சடாரென்று தூக்கி என் முகத்தையே பார்த்தது. மூக்கால் ஒரு செருமல். அவ்வளவுதான், கூட்டமே காணோம். பாவனைதான் அதன் தந்திரம். தலை தாழ்ந்துவிட்டது என்று நாம் அசைவோம் என்று அதற்குத் தெரியும்.

வெயிலைவிடப் பெரிய விஷயம் காற்று. எங்கள் கடலோரப் பகுதியில் காற்று பெரும்பாலும் கரையை ஒட்டியே வீசும். நல்ல வானிலையில் வடகிழக்கிலிருந்து. குளிர்முகம், அதாவது குளிர்காற்றுத் திரள், கடந்து போகும்போது தென்மேற்கிலிருந்து. ஒரே நாளில் இரண்டும் மாறி வருவதும் உண்டு. இதை வைத்து மாமா ஒரு கணக்கு போட்டிருக்கிறார். குட்டைக்கு வடமேற்கில் கூடாரம், ஜன்னல் தென்கிழக்கைப் பார்த்து. வடகிழக்குக் காற்று அடித்தால் நம் வாசனை தென்மேற்கே போகும். தென்மேற்குக் காற்று அடித்தால் வடகிழக்கே போகும். இரண்டிலும் தண்ணீரின் குறுக்கே போகாமல் பக்கவாட்டில் விலகிப் போய்விடும். போதாக்குறைக்கு மத்தியான வெயிலும் சாயங்கால வெயிலும் நம் முதுகுப் பக்கம் இருக்கும். மிருகத்தின் மேல் வெளிச்சம், நம் ஜன்னலில் நிழல். முதல் தடவை கேட்டபோது குச்சியால் மண்ணில் கீறித்தான் புரிந்துகொண்டேன். நீங்களும் கீறிப் பாருங்கள். மிருகங்கள் வரும் தடம் மட்டும் அந்த வாசனை போகும் வழியில் குறுக்கிடக் கூடாது.

இந்தக் கணக்கு கடலோரத்துக்குத்தான். உள்நாட்டில், பொங்கோலா, ம்கூசே பக்கம் போனால் அந்தந்த இடத்துக் காற்றைப் பாருங்கள். பள்ளத்தாக்கு என்றால் விடியற்காலைக் குளிர்காற்று மேட்டிலிருந்து பள்ளத்துக்கு வழியும், வெயில் ஏறினால் மேலே திரும்பும். ஒரு சிறு டப்பாவில் விபூதி வைத்துக்கொண்டு, சிட்டிகை எடுத்து ஊதிப் பார்ப்பது என் பழக்கம். மாமாவுக்கு அது பிடிக்காது, டால்கம் பவுடர் போதுமே என்றார். அதில் வாசனை இருக்கிறதே என்றேன், கடைசியில் கோதுமை மாவுக்கு ஒத்துக்கொண்டார்.

தூரம்: வில்லுக்கு இருபது மீட்டர், அதிகம் போனால் இருபத்தைந்து. துப்பாக்கி என்றால் எழுபது, எண்பது மீட்டர் தள்ளிப் போடுங்கள். தூரம் இருக்க இருக்க மிருகம் நிம்மதியாக இருக்கும்.

நிறுத்துவது

உச்சிவேளைக்குச் சற்று முன் போய் நிறுத்துங்கள். விடியலிலும் அந்தியிலும் அங்கே சத்தம் போட்டால் வருவதும் வராது. வெட்டவெளியில் நட்டநடுவே வேண்டாம். பின்னால் ஒரு புதரோ மரமோ இருந்தால் கூடாரத்தின் சதுர ஓரம் கரைந்துபோகும். முதலில் தரையைச் சுத்தம் செய்யுங்கள். காய்ந்த இலை, சுள்ளி, கல் எல்லாவற்றையும் காலால் ஒதுக்கி மண் தெரிய வேண்டும். உள்ளே சத்தம் எழுப்புவது பெரும்பாலும் நம் செருப்புதான்.

ஹப் கூடாரம் என்றால் என்னுடையதில் முதலில் கூரை, பிறகு சுவர்கள். மடக்கும்போது தலைகீழ் வரிசை. நாலு மூலைக்கும் முளை அடியுங்கள். பக்கவாட்டுக் கயிறுகளையும் கட்டுங்கள். காற்றில்லாத நாளில் இது தேவையில்லை என்று தோன்றும், மத்தியானம் காற்று எழுந்ததும் சுவர் படபடவென்று அடித்துக்கொள்ளும். படபடக்கும் துணி ஆளைவிட மோசம்.

அப்புறம் கிளை சொருகுவது. அந்த இடத்திலேயே கிடைக்கும் புல்லும் கிளையுமாகப் பட்டைகளில் சொருகி, கூரை ஓரத்தையும் அடித்துணியையும் மறையுங்கள். எதை வெட்டலாம் என்று பண்ணைக்காரரைக் கேட்டுவிட்டு வெட்டுங்கள். ஒரு மரத்தை மட்டும் தொடாதீர்கள்: தம்போட்டி. கரிய பட்டை சதுரம் சதுரமாக வெடித்திருக்கும். வெட்டினால் பால் வடியும், கண்ணில் பட்டால் பார்வைக்கு ஆபத்து, அதன் விறகுப் புகையில் சுட்ட இறைச்சி வயிற்றைக் கலக்கிவிடும். பிச்சாவரத்துத் தில்லை மரத்தைத் தெரிந்தவர்களுக்கு இது அதன் சொந்தக்காரன் என்றால் புரியும். ஒரு காலத்தில் தாவரவியலாளர்கள் இரண்டையும் ஒரே பேரினத்தில்தான் வைத்திருந்தார்கள்.

குட்டைக் கரையில் இருபது மீட்டருக்கு ஒரு கல், முப்பதுக்கு ஒரு கல் என்று அடையாளம் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போங்கள்.

ஆமாம், அன்றைக்கே உட்கார வேண்டாம். ஒரு வாரமாவது விட்டுவிடுங்கள், இரண்டு வாரம் என்றால் இன்னும் நல்லது. முதல் நாள் மிருகங்கள் தூரத்தில் நின்று முறைத்துப் பார்க்கும். சில நாளில் நிழலுக்கு அதன் பக்கத்திலேயே வந்து படுக்கும். ஜன்னல்களை எப்படித் திறந்து வைத்து வேட்டையாடப் போகிறீர்களோ அப்படியே திறந்துவைத்து விட்டு வாருங்கள், அந்தக் கறுப்பு ஓட்டையும் அவற்றுக்குப் பழகட்டும். மாடு மேயும் நிலம் என்றால் மட்டும் நான் அப்படி விடமாட்டேன். மாடு கூடாரத்தில் முதுகு சொறிந்து கம்பியை ஒடித்துவிடும்.

உள்ளே

நுழைவதற்கு முன் கதவை விரியத் திறந்து, டார்ச் அடித்து, ஒரு கம்பால் ஓரங்களைத் தட்டுங்கள். ஒரு வாரம் சும்மா கிடந்த நிழல் பஃப் ஆடர் விரியனுக்கும் பிடிக்கும். அது ஓடாது, கிடந்த இடத்திலேயே கிடக்கும், அதனால்தான் மிதிபடுகிறது. உண்ணிக்கடிக் காய்ச்சலும் இந்தப் பக்கம் சகஜம். கால்சட்டையைக் காலுறைக்குள் விட்டுக்கொள்ளுங்கள், திரும்பி வந்ததும் மடிப்புகளிலெல்லாம் தேடுங்கள். மொசாம்பிக் எல்லையை ஒட்டிய வடக்கு மூலைக்குப் போகிறவர்கள் மலேரியாவையும் கவனிக்க வேண்டும்.

மேலுக்கு இலைப்படச் சட்டை எதற்கு? உள்ளே கறுப்புச் சட்டை, கறுப்புக் கையுறை, முகத்துக்குக் கறுப்புத் துணி. பின்சுவரை ஒட்டி உட்காருங்கள். ஜன்னல் பக்கம் நெருங்க நெருங்க வெளிச்சத்துக்கு வருகிறீர்கள். கிறீச்சிடாத நாற்காலி ஒன்றில் கொஞ்சம் கூடுதலாகவே செலவழியுங்கள். ஆறு மணி நேரம் அதில்தான் இருக்கப் போகிறீர்கள். கைபேசித் திரை இருட்டில் விளக்கு மாதிரி முகத்தைக் காட்டும், பைக்குள் போட்டுவிடுங்கள். காலையில் குளிர்கிறது என்று உள்ளே கேஸ் அடுப்பைப் பற்ற வைக்காதீர்கள், நச்சுப்புகை ஆளைக் கொன்றுவிடும்.

சாப்பாடு: நானும் ஒருமுறை பன்னி சௌ வாங்கிக்கொண்டு போனேன். ஆட்டுக்கறி மசாலா நிரப்பிய கால் ரொட்டி. வடமேற்குக் கணக்கெல்லாம் சரியாகத்தான் இருந்தது. அன்றைக்குக் காற்றே இல்லை. வாசனை குட்டையைச் சுற்றி அப்படியே நின்றது. வார்ட்ஹாக் பன்றி ஒன்று மட்டும் கொஞ்ச தூரத்தில் நின்று ஆவலாக மோந்து பார்த்துவிட்டு, வாலைக் கொடிக்கம்பம் மாதிரி நட்டுக்கொண்டு ஓடிற்று. வெறும் ரொட்டி, வேகவைத்த முட்டை, பிளாஸ்கில் தண்ணீர் போதும்.

துப்பாக்கிக்காரர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. தொலைநோக்கி குழலுக்கு நாலைந்து சென்டிமீட்டர் மேலே இருக்கிறது. அதில் மான் தெளிவாகத் தெரியும்போது குழலின் வாய்க்கு நேரே ஜன்னல் ஓரத்துத் துணியோ கம்பியோ இருக்கலாம். சுடுவதற்கு முன் தலையைத் தூக்கிக் குழலின் வாயை ஒருமுறை பாருங்கள். காதடைப்பானும் கட்டாயம். நடந்து வரும்போது துப்பாக்கியின் தோட்டா அறை காலியாக இருக்க வேண்டும். எந்தக் கூடாரத்தில் யார் இருக்கிறார்கள் என்று பண்ணையில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கூடாரம் நம்மை மானுக்கு மட்டுமா மறைக்கிறது, சக வேட்டைக்காரருக்கும்தான்.

வில்லை எப்போது இழுப்பது? முதலில் வந்ததைப் பார்த்து இழுக்காதீர்கள். நாலைந்து குடித்துவிட்டுப் போகட்டும். குடிக்கும் மிருகத்தின் கண் தண்ணீருக்குள் தாழ்ந்து, தொண்டை அசைவது தெரியும்போது இழுங்கள். நேர்ப் பக்கவாட்டில் நின்றால் மட்டும் விடுங்கள். இங்கத்து மான்களின் இதயம் முன்னங்காலுக்கு நேராகத் தாழ்வாக இருக்கும், உடம்பின் கீழ் மூன்றில் ஒரு பங்கில். பட்டதும் கூடாரத்திலிருந்து பாயாதீர்கள். அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருங்கள். உடனே துரத்தினால் அடிபட்டது முட்புதருக்குள் வெகுதூரம் போய்விடும். எந்தக் கல்லுக்குப் பக்கத்தில் நின்றது, எந்தப் புதரைத் தாண்டியது என்று மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பருவம் முடிந்தபின்

ஆடிக் கஞ்சி நேரத்தில் விரதம் இருக்கிறவர்கள் அந்த வாரங்களை விட்டுவிடுவார்கள். எப்படியும் புரட்டாசி பிறப்பதற்குள் எங்கள் வீடுகளில் பில்டாங் என்ற உலர்ந்த இறைச்சி டப்பா காலியாகிவிட வேண்டும், கூடாரமும் பைக்குள் போய்விட வேண்டும். டர்பன் ஈரக்காற்றில் நனைந்த துணியை மடக்கி வைத்தால் ஒரே மாதத்தில் பூஞ்சை பிடித்துவிடும். இரண்டு நாள் வெயிலில் விரித்து, தையல் மடிப்பில் ஈரமில்லை என்று தொட்டுப் பார்த்து, முள் கிழித்த இடங்களை உட்பக்கமிருந்து கறுப்புத் துணிப்பட்டையால் ஒட்டிவிட்டு மடக்குங்கள்.

ஒரு வருடம் மாமி, பாச்சை அரிக்கும் என்று நல்ல மனதோடு பைக்குள் அந்துருண்டை போட்டு வைத்துவிட்டார். அடுத்த மே மாதம் பையைத் திறந்தபோது டொங்காட் வீட்டுத் திண்ணையே மணத்தது. மூன்று வாரம் கரும்புக்காட்டு ஓரத்தில் விரித்துப் போட்டோம். நாலாவது வாரம் மாமா துணியை முகர்ந்து பார்த்து, "இப்ப சரி தம்பி," என்றார். எனக்கென்னவோ இன்னும் கொஞ்சம் இருந்த மாதிரிதான் இருந்தது.